பாறை வெடிப்பை நம்பி ஒரு ஊர்: ரோக்ஃபோர் பயணக் குறிப்புகள்

மே 13, செவ்வாய். மியோ

ரோக்ஃபோர் சீஸின் ஊரைப் பார்க்கக் கிளம்பி, தெற்குப் பிரான்ஸின் மோன்பெலியேயில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். ஒரு மணி நேரம் திராட்சைத் தோட்டங்கள், பிறகு சாலை ஒரு பள்ளத்தாக்கின் சுவரைப் பிடித்து மேலே ஏற ஆரம்பித்தது, ஏறி முடித்ததும் தோட்டங்களும் இல்லை, வெயிலும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை கல், குட்டைப் புல், நடுநடுவே ஒரு புதர். இதுதான் லார்சாக் பீடபூமி. முழுக்கச் சுண்ணாம்புக்கல், பெய்கிற மழை அத்தனையும் உள்ளே இறங்கிவிடும், மேலே ஓடை என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. நெல்லோ கோதுமையோ பெரிதாக விளையாத இந்த மண்ணில் செம்மறியாடு மட்டும் பிழைக்கும். அடுத்த சில நாட்களில் நாங்கள் பார்த்த எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் போய் முடிந்தது.

பீடபூமியிலிருந்து மியோ ஊருக்குள் இறங்கும்போது அந்தப் பெரிய பாலம் தெரிகிறது. 2004 டிசம்பரில் திறந்தார்கள். நீளம் 2,460 மீட்டர், உயரமான தூணின் உச்சி தரையிலிருந்து 343 மீட்டர். மழை மேகம் பாலத்துக்குக் கீழே நின்றது, லாரிகள் மேகத்தின் மேல் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸில் இருந்த உள்ளூர்க்காரர்கள் யாரும் தலையைத் திருப்பக்கூட இல்லை, நாங்கள் இருவர் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்திருந்தோம்.

இரவுச் சாப்பாடு அலிகோ. உருளைக்கிழங்கை மசித்து, அதில் புது சீஸ், வெண்ணெய், பூண்டு சேர்த்து, களி கிண்டுவதுபோல் மரக்கரண்டியால் விடாமல் கிண்டுகிறார்கள். பரிமாறுகிற அம்மா கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினார், அறுபடாமல் வெள்ளைக் கயிறாக நீண்டு வந்தது. பக்கத்தில் ஒரு பெரிய சாசேஜ். 16 யூரோ. அதில் பாதியைத்தான் சாப்பிட முடிந்தது, மீதியைப் பார்த்து அந்த அம்மா வருத்தப்பட்டார், உண்மையிலேயே வருத்தப்பட்டார், சமையல் பிடிக்கவில்லையா என்று இரண்டு முறை கேட்டார்.

மே 14, புதன். ரோக்ஃபோர்

காலை ரயில் ரத்து. ஸ்டேஷனில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, மாற்று பஸ் வரும் என்று. வரவில்லை. முக்கால் மணி நேரம் தூறலில் நின்ற பிறகு, அதே பஸ்ஸுக்காக நின்ற ஒரு மாணவியும் நாங்களுமாக டாக்ஸி பிடித்தோம். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு 60 யூரோ. அந்தப் பெண் வழியில் இறங்கும்போது தன் பங்கை எண்ணிக் கொடுத்தாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன். உலகத்தில் பாதிப்பேருக்கு இது ஒரு சீஸின் பெயர். ஆனால் அது சில நூறு பேர் வாழும் ஒரு கிராமம், ஒரு மலை விளிம்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தெரு ஒன்றுதான் முக்கியம், அது பாறைச் சுவரை ஒட்டியே வளைந்து போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அழகான பிரெஞ்சு கிராமம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கட்டடங்கள் பலவும் பழைய ஆலைக் கட்டடங்கள், ஐந்தாறு மாடி, சாம்பல் நிறச் சுவர், வரிசையாக ஜன்னல்கள், லாரி வந்து நிற்க மேடை. எனக்கு அது பிடித்தது. வேலை செய்கிற ஊரின் முகம்.

மலையின் பெயர் கோம்பலூ. மேலே கனமான சுண்ணாம்புக்கல், அடியில் களிமண். தண்ணீர் உள்ளே இறங்கி களிமண்ணை வழுக்க வைக்க, வெகு காலத்துக்கு முன்னால் மலையின் வடக்கு விளிம்பு பெயர்ந்து சரிந்தது. சரிந்த பாறைக் குவியல் இரண்டு கிலோமீட்டர் நீளம், முந்நூறு மீட்டர் அகலம். அந்தக் குவியலுக்குள் பாறைக்கும் பாறைக்கும் நடுவே இயற்கையாகவே குகைகள், அவற்றிலிருந்து மலையின் உள்வரை ஓடும் வெடிப்புகள். இந்த வெடிப்புகளுக்கு ஃப்ளரீன் என்று பெயர். ஊரின் மொத்தப் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது.

குகைக்குள் போகும்போது ஸ்வெட்டர் போடச் சொல்கிறார்கள், போடுங்கள். வெளியே குளிர்தான், உள்ளே இன்னும் குளிர், எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரிக்குள் ஆண்டு முழுக்க அப்படியே நிற்கும். ஈரப்பதம் 95 சதவீதம் அளவில். மூன்றாவது தளத்திலோ நான்காவது தளத்திலோ வழிகாட்டிப் பெண் ஒரு சின்ன மரக்கதவைத் திறந்து, கையை நீட்டச் சொன்னார். சுவரில் ஒரு கை நுழையும் அளவு இடுக்கு. உள்ளங்கையை வைத்தேன். ஒரே சீராக, ஈரமாக, காற்று வந்துகொண்டே இருந்தது. மின்விசிறி கிடையாது, எந்த இயந்திரமும் கிடையாது. கதவை எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் இங்கே தொழில் ரகசியம், வெளியே காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து அதைத் தீர்மானிக்கிறார்கள் என்றார்.

சீஸ் இந்த ஊரில் செய்யப்படுவதில்லை, இது எனக்குப் புதிய செய்தி. சுற்று வட்டாரத்தில் உள்ள பால் கூடங்களில் பச்சைப் பாலை, அதாவது காய்ச்சாத செம்மறியாட்டுப் பாலை உறைய வைத்து, வட்டமாக வார்த்து, உப்புத் தேய்த்து, வெள்ளைக் கட்டிகளாக லாரியில் கொண்டு வருகிறார்கள். பூசணத்தை, பென்சிலியம் ரோக்ஃபோர்ட்டி, பால் கூடத்திலேயே சேர்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் ரை என்ற தானியத்தில் பெரிய ரொட்டிகளைச் சுட்டு, குகையில் வைத்துப் பூசணம் பிடிக்க விட்டு, அதைப் பொடியாக்கிப் பயன்படுத்தினார்கள், இன்றும் ரொட்டி சுடுகிறவர்கள் உண்டு. ஊசிகளால் கட்டியைக் குத்தித் துளை போடுவது உள்ளே காற்றுப் போக. அந்தத் துளை வழியே போகும் குகைக் காற்றில்தான் பச்சையும் நீலமுமாக நரம்புகள் படர்கின்றன. குறைந்தது 14 நாள் மேலே எந்தச் சுற்றும் இல்லாமல் ஓக் மரப் பலகைமேல் குகையில் இருக்க வேண்டும். அப்புறம் தகடு சுற்றிக் குளிர் அறையில் மெதுவாகப் பழுக்க விடுவார்கள். செய்த நாளிலிருந்து மொத்தம் 90 நாளுக்குக் குறையக்கூடாது. இந்தத் தகடு சுற்றும் வேலை காலங்காலமாகப் பெண்களுடையது. சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள், தலையில் துணி கட்டி, தடித்த மேலங்கியோடு, அந்தக் குளிரில் நாள் முழுக்க நின்ற பெண்கள். யாரும் சிரிக்கவில்லை. ஊரின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் அந்தப் படங்களைத்தான் காட்டுவேன்.

சட்டக் கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் வெடிப்பு மட்டும் இருந்து பயனில்லை. 1411-ல் மன்னர் ஆறாம் சார்ல்ஸ் இங்கே சீஸ் பழுக்க வைக்கும் உரிமையை இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்தார். 1666-ல் துலூஸ் நீதிமன்றம் போலிகளை விற்கிற வியாபாரிகளுக்குத் தண்டனை என்றது. 1925 ஜூலை 26 அன்று தனிச் சட்டமே வந்தது, பிரான்ஸில் பிறப்பிடப் பெயர் பாதுகாப்புப் பெற்ற முதல் சீஸ் இதுதான். 1961-ல் மியோ நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது, செய்முறையைத் தெற்குப் பிரான்ஸில் மற்ற இடங்களிலும் பின்பற்றிக்கொள்ளலாம், ஆனால் கோம்பலூவின் குகைகளில் பழுத்தால்தான் அந்தப் பெயர். நம் ஊரில் புவிசார் குறியீடு கேட்டு அலைகிறவர்கள் அனைவரும் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெயரை மண்ணோடு சேர்த்துக் கட்ட அறுநூறு ஆண்டு போராடியிருக்கிறார்கள்.

இன்று ஏழு நிறுவனங்கள் இந்தக் குகைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரியது சொசியெத்தே, 1842-ல் தொடங்கிய கூட்டு, இப்போது லாக்டலிஸ் என்ற பால்பொருள் குழுமத்தின் கையில். பாப்பியோன், கார்ல்ஸ், கூலே எல்லாம் அளவில் சின்னவை. பெரிய கம்பெனியின் காட்சிச் சுற்றில் விளக்கும் ஒலியுமாக ஒரு நாடகம் போடுகிறார்கள், சின்ன இடத்தில் ஒருவர் வந்து நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் சின்னது.

சுவை பார்க்கக் கொடுத்தது மூன்று வகை. கத்தி வைத்ததும் உதிராமல் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகிறது, ஓட்டைகளுக்குள் பச்சைத் தூள் ஈரமாக ஒட்டியிருக்கிறது. வாயில் முதலில் உப்பு, கொஞ்சம் பொறுத்தால் பாலின் இனிப்பு, கடைசியில் காரம், மிளகுக் காரம் கிடையாது, நாக்கின் ஓரத்தைச் சுரண்டுகிற ஒரு காரம். என் மனைவி முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டாள். கிலோ 25 யூரோவை ஒட்டி. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி, பாலை உறைய வைக்க விலங்குக் குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்தான் சேர்க்கிறார்கள்.

மே 15, வியாழன். பண்ணை

தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் ஃப்ளோன் கொடுத்தார், ஆட்டுப்பால் திரட்டு, முட்டை, ஆரஞ்சுப் பூ நீர் சேர்த்துச் சுட்ட பணியாரம், வட்டமாக, நடுவில் லேசாகக் கருகியது. சீஸ் செய்து மிஞ்சும் தெளிநீரைக் காய்ச்சினால் கிடைக்கும் திரட்டு அது, எதையும் வீணாக்காத ஊர். நேற்று சீஸைத் தொடாத என் மனைவி இதில் மூன்று துண்டு சாப்பிட்டாள், அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மாலையில் அவருடைய உறவினர் பண்ணைக்கு அழைத்துப் போனார். நானூறு ஆடுகள், எல்லாம் லக்கோன் இனம். வேறு இனத்துப் பால் ரோக்ஃபோருக்குச் செல்லாது. காது நீண்டு பக்கவாட்டில் தொங்கும், தலையிலும் வயிற்றிலும் கம்பளி கிடையாது, முதுகில் மட்டும் ஒரு போர்வைபோல் இருக்கும். பெண் ஆடுகள் வரிசையாக மேடையில் ஏறி, தாமாகவே தலையை உள்ளே நீட்டித் தீவனத்தில் வாய் வைத்தன, பின்னால் பள்ளத்தில் நின்று விவசாயி கறவை இயந்திரத்தை மாட்டினார். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஆடு நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும், இரண்டரை மூன்று கிலோ எடையுள்ள ஒரு கட்டிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லிட்டர் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கொட்டகையே ஒரு சிறிய அலமாரியைத்தான் நிரப்பும்.

குளிர்காலத்தில் குட்டி போடும், ஒரு மாதம்போல் குட்டிக்குப் பால், அப்புறம் கறவை, கோடை நடுவில் முடிந்துவிடும். அதனால் மே மாதம் வருவது நல்லது, ஆகஸ்டில் வந்தால் சுற்றுலாப் பயணிகளைத்தான் பார்க்கலாம். தினமும் மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்பது விதி, பருவம் அனுமதிக்கும்வரை. தீவனத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். காய்ந்த ஆண்டுகளில் வைக்கோலுக்கும் புல்லுக்கும் திண்டாட்டம் என்றார், சமீப காலமாக அப்படிப்பட்ட ஆண்டுகள் அடிக்கடி வருகின்றன. பால் விலை பற்றிக் கேட்டதும் அவர் குழாயைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், பண்ணைக்காரர்களும் கம்பெனிகளும் ஒரே மேசையில் உட்கார 1930-லேயே ஒரு கூட்டமைப்பு வைத்துவிட்டார்கள், சண்டை எல்லாம் அங்கேதான், ஆனால் மேசை இருப்பதே பெரிது என்று. மகன் படித்துவிட்டு துலூஸில் வேலை பார்க்கிறான், திரும்புவானா தெரியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இன்னும் இருந்தாலும், முன்பு இதைவிட அதிகம், ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

கிளம்பும்போது ஒரு பாட்டிலில் பால் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மே 16, வெள்ளி. லார்சாக்

இந்த நாளுக்காகத்தான் நான் வந்தேன் என்றே சொல்லலாம். வீட்டு அம்மா தன் பழைய காரில் எங்களை லா கவலரி என்ற ஊருக்குக் கூட்டிப் போனார், பெட்ரோலுக்கு 20 யூரோ மட்டும் வாங்கிக்கொண்டார். மதில் சூழ்ந்த சின்ன ஊர். பக்கத்திலேயே ராணுவ முகாம்.

1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே, 3,000 ஹெக்டேர் முகாமை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். அந்த நிலமெல்லாம் ஆட்டுப் பண்ணைகள், ரோக்ஃபோருக்குப் பால் போகும் பண்ணைகள். அடுத்த மார்ச்சில் லான்சா தெல் வாஸ்தோ இந்த ஊரில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1937-ல் வார்தாவில் காந்தியோடு தங்கியவர், காந்தி அவருக்கு சாந்திதாஸ் என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் இங்கிருந்து தெற்கே மலைகளில் ஒரு ஆசிரமமே நடத்தினார். அந்த உண்ணாவிரதத்தில் இரண்டு பிஷப்புகளும் சேர்ந்துகொண்டார்கள், விவசாயிகள் பலர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள், பிஷப்புகளே வந்து உட்கார்ந்தது அவர்களுக்குப் பெரிய தைரியம். மார்ச் 28-ல் 103 விவசாயிகள் நிலத்தை விற்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் ஆடுகளை பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈஃபல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். பத்தாண்டு இழுத்தது. 1981-ல் மித்தெரான் ஜனாதிபதியானதும் திட்டத்தைக் கைவிட்டார்.

வீட்டு அம்மா அப்போது இளம்பெண். லா பிளக்கியேர் என்ற இடத்தில் அனுமதி இல்லாமல் ஊர் கூடிக் கட்டிய ஆட்டுக் கொட்டகைக்குக் கல் சுமந்திருக்கிறார். காரை அங்கே நிறுத்தி, சுவரைக் காட்டினார். கல் பெரிதாகத்தான் இருக்கிறது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியது. “நாங்கள் யாரையும் அடிக்கவில்லை” என்றார், அதை அவர் சொன்ன விதத்தில் இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு பெருமிதம். காந்தியின் பெயரைப் பிரான்ஸின் ஒரு கல் மேட்டில், ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பாட்டி வாயிலிருந்து கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்களிடம் அவர் அவ்வளவு அன்பாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜெயித்த பிறகு செய்ததுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அரசு வாங்கி வைத்திருந்த சுமார் 6,300 ஹெக்டேரைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளாமல், 1985-ல் ஒரு பொதுச் சங்கம் வைத்து நீண்ட காலக் குத்தகையாக எடுத்தார்கள். குத்தகை இப்போது 2083 வரை இருக்கிறது. உழைக்கிறவருக்கு ஓய்வு பெறும்வரை நிலம், அப்புறம் அடுத்த இளம் விவசாயிக்கு. விற்க முடியாது. மற்ற இடங்களில் பண்ணைகள் பெரிய பண்ணைகளுக்குள் கரைந்துபோகும்போது, இங்கே ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.

அந்தப் போராட்டத்தில் வந்து தங்கியவர்களில் ஒருவர்தான் ஜோசே போவே என்ற விவசாயப் போராளி. 1999-ல் ஹார்மோன் மாட்டிறைச்சியை ஐரோப்பா மறுத்ததற்குப் பதிலடியாக அமெரிக்கா ரோக்ஃபோர்மீது 100 சதவீத வரி போட்டது, ஆகஸ்ட் 12 அன்று அவரும் மற்ற விவசாயிகளும் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸைக் கழற்றிப் போட்டார்கள். 2009 ஜனவரியில் வரியை 300 சதவீதமாக்க முடிவு வந்தது, அந்த மே மாதம் பேச்சுவார்த்தையில் அது நின்றது. ஒரு கிராமத்துக் குகை எவ்வளவு தூரம் போய் இடிக்கிறது பாருங்கள்.

மத்தியானம் வானம் கறுத்தது. ஒரு பழைய வீட்டுக் கதவில் சூரியகாந்தி அளவு பெரிய, காய்ந்த முள்பூ ஆணியடித்து வைத்திருந்தது, கர்தபெல் என்பார்கள். நடுவட்டம் வைக்கோல் மஞ்சள், சுற்றிலும் முள் இலை நட்சத்திரமாக. ஈரம் ஏறினால் மடங்கிக்கொள்ளும், காய்ந்தால் விரியும், மேய்ப்பர்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. நாங்கள் பார்த்தபோது பாதி மூடியிருந்தது. அடுத்த அரை மணியில் ஆலங்கட்டி மழை, கோலிக்குண்டு பெரிதாக. ஆடுகள் நீர் குடிக்கக் கல் பாவி வைத்த ஒரு வட்டக் குட்டை அருகே மாட்டிக்கொண்டோம், லவோன்ய் என்பது அதன் பெயர், மழைநீர் பூமிக்குள் ஓடிவிடாமல் பிடித்து வைக்க மேய்ப்பர்கள் கட்டியது. காரின் கூரை பள்ளம் விழுந்தது. வீட்டு அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது மேய்ச்சலுக்கு நல்ல மழை என்றார்.

மே 17, சனி. மீண்டும் மியோ

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒரு கையுறைப் பட்டறை. பால் கறக்க வேண்டுமானால் குட்டியைச் சீக்கிரம் பிரிக்க வேண்டும், அந்தக் காலத்தில் பிரித்த குட்டிகளை இறைச்சிக்கு விட்டார்கள், மெல்லிய அந்தத் தோல்தான் மியோவைக் கையுறை நகரமாக்கியது. தார்ன் ஆற்றங்கரையில் பதனிடும் கூடங்கள், வீடுகளில் தைக்கும் பெண்கள். 1960-களுக்குப் பிறகு பெண்கள் கையுறை போடுவது குறைய, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன, விலை உயர்ந்த பேஷன் நிறுவனங்களுக்குச் செய்து தருகிறார்கள்.

வெட்டுகிறவர் ஒரு நடுவயதுக்காரர். ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த தோலை மேசை விளிம்பில் இழுத்தார், கையுறை அகலத்தில் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும், நீளத்தில் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் விரல் மடங்கும்போது அகலம் தேவை, நீளம் விட்டுக்கொடுத்தால் தொளதொளத்துவிடும். என் மனைவியின் கையை அளவு நாடாவே இல்லாமல் பார்த்து ஆறரை என்றார். போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. 110 யூரோ. சென்னையில் எப்போது போடுவாள் என்று நான் கேட்கவில்லை, வாங்கிவிட்டோம்.

சீஸும் அரைக் கிலோ எடுத்திருக்கிறோம், காற்று நீக்கிய பாக்கெட்டில், கடையிலேயே அப்படிக் கட்டித் தருகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு: சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், குளிரோடு சாப்பிட்டால் உப்பு மட்டும்தான் தெரியும். மியோவிலிருந்து ரோக்ஃபோர் போகிறவர்கள் ரயிலை நம்பாமல் முதல் நாளே டாக்ஸிக்கு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.